மரமும் ஊர் மாறும்!

ரயிலில் சென்னையிலிருந்து சேலம் போறீங்களா? மொரப்பூர் தாண்டினா பொம்மிடி. பக்கத்துலயே சேர்வராயன் மலை.

பொழுதுபோக்கா உளி பிடிக்கிற ஆசாமி இங்கே குடிவந்தா, முதல் எதிரி காத்துதான். கடலோர ஈரத்தில் செஞ்ச பெட்டி, இந்த வறண்ட கோடையில் சுருங்கும். நீளத்தில் இல்லை, அகலத்தில்! நாலு பக்கமும் பசை போட்டு இறுக்கின மூடி 'டப்'புன்னு பிளக்கும். என் முதல் பெட்டிக்கு அதே கதிதான்.

அதனால, வந்ததுமே இழைப்புளியைத் தூக்காதீங்க. பலகைகளை நிழலில் இடைவெளி விட்டு அடுக்கி, சில வாரம் காத்திருங்க. மூடியைக் காடிக்குள் ஒட்டாம விடுங்க. இங்கே நிறைய கிடைக்கிற புளிய மரம், கசாப்புக் கட்டைக்கு ஆகிற அளவுக்கு உறுதி. பழகுறதுக்கு வேம்பு போதும்.

மரத்துக்கே புது ஊர் பழக டைம் வேணும். ஹாஸ்டல் வந்த முதல் வாரமே அழற நீங்க, கொஞ்சம் பொறுங்களேன்!