இரண்டரை மீற்றர் இக்கத்

பெருநாள் நெருங்கினால் வவுனியாக் கடைகளில் ‘இக்கத் டொப்’ என்று எழுதித் தொங்கவிடுகிறார்கள். நான் பார்த்தவற்றில் பலதையும் புரட்டினால் உட்பக்கம் வெளிறிக் கிடந்தது. அச்சடித்த துணி. மலிவுத் துணியில் குற்றமில்லை. கையில் காசு குறைந்தவர்களும் பெருநாளைக்குப் புதிது உடுக்கத்தான் வேண்டும். அந்தப் பெயரைச் சொல்லி விற்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இக்கத் மலாய் மொழி தந்த சொல். கட்டுதல் என்று பொருள். துணியை நெய்து முடித்தபின் பூப்போடுவதல்ல அது. நெய்வதற்கு முன்பே நூலை அளந்து இழுத்துப் பூ விழவேண்டிய இடத்தைக் குறித்து, நிறம் ஏறக்கூடாத பகுதியை இறுக்கிக் கட்டிச் சாயத்தில் தோய்க்கிறார்கள். பிறகு அவிழ்த்து, அடுத்த நிறத்துக்கு மறுபடி கட்டவேண்டும். தெலங்கானாவின் போச்சம்பள்ளியில் சைக்கிள் டியூப்பைக் கீற்றாக வெட்டிக் கட்டுவார்கள். (கிருஷ்ணகிரிப் பக்கம் இன்னொரு போச்சம்பள்ளி உண்டு. இது 1951இல் வினோபா பாவேயின் பூமிதான இயக்கம் தொடங்கிய ஊர்.) தறியில் நூல் மயிரளவு நகர்வதால் பூவின் ஓரம் சற்றே கலங்கித் தெரியும். துணியின் இரு பக்கமும் ஒன்றுபோலிருக்கும்.

தண்ணீரூற்றில் எங்கள் ராத்தா வீட்டிலிருந்தே தைக்கிறார். 1990 ஒக்டோபரில் நாங்கள் வெளியேற்றப்பட்டபோது உம்மாவின் தையல் மெசினைத் தூக்கிவர வழி இருக்கவில்லை. புத்தளத்தில் பிறகு வாங்கிய மெசின்தான் யுத்தம் முடிந்தபின் ராத்தாவோடு ஊர் திரும்பியது. ஒரு நோன்புக் காலத்தில், ஹைதராபாத் போய்வந்த உறவினர் கொடுத்ததென்று ஒரு பிள்ளை போச்சம்பள்ளித் துணியொன்றைக் கொண்டுவந்தாள். இரண்டரை மீற்றர். முழங்காலுக்குக் கீழே இறங்கவேண்டும், முழுக்கை வேண்டும்.

ராத்தா இரண்டு நாள் கத்தரிக்கோல் வைக்கவில்லை. உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு நிழலில் காயவைத்தார். சுருங்குவது வெட்டமுன் சுருங்கட்டும் என்று. பிறகு விலாத் தையலில் முன்பக்கப் பூவும் பின்பக்கப் பூவும் சந்திக்கவேண்டும். சந்திக்க வைத்தால் கைக்குத் துணி போதாது. தவறி வெட்டினால் இன்னொரு துண்டுக்கு எங்கே போவது? கடைசியில் இரண்டு கைநுனியிலும் வெறும் கறுப்புப் பருத்தியில் பட்டி வைத்தார். பிள்ளை அதுதான் வடிவென்றாள்.

“இவ்வளவு மினக்கெட வேணுமா ராத்தா?” என்று கேட்டேன்.

“நூலைக் கட்டினவளுக்குக் கை நொந்திருக்காதா?” என்றார்.

நொந்துதான் இருக்கும். ஊடை நூலைக் கட்டுமுன் அரைவட்டச் சட்டத்திலுள்ள முளைகளில் மாற்றி மாற்றிச் சுற்றவேண்டும். ஆசு என்பார்கள். பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் வேலை. ஒரு சேலைக்குக் கை ஏறக்குறைய 9000 தடவை போய்வரும் என்று கணக்குச் சொல்கிறார்கள். ஆலேரைச் சேர்ந்த சிந்தகிந்தி மல்லேசம், தாய் லட்சுமியின் தோள்வலியைக் கண்டு சகிக்காமல், படிப்பைப் பாதியில் விட்டவராயிருந்தும் 1999இல் அதற்கொரு இயந்திரம் செய்து முடித்தார். தாயின் பெயரையே வைத்தார். 2017இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. 2005இல் போச்சம்பள்ளி இக்கத்துக்குக் கிடைத்த புவிசார் குறியீட்டைவிட எனக்கு அந்த இயந்திரந்தான் பெரிது.

இதே வித்தையில் நெய்த தேலியா ருமால் ஒருகாலத்தில் ஆந்திரக் கரையின் சீராலாவிலிருந்து அரபு நாடுகளுக்குப் போனது. நூலை எண்ணெயிலும் ஆமணக்குக் காய்ச் சாம்பலிலும் பதப்படுத்துவதால் அந்தப் பெயர். அங்கே அதைத் தலைத்துணியாகக் கட்டினார்கள். ராத்தாவிடம் சொன்னேன், சிரித்தார்.

கூலியைக் கேட்டதும் பிள்ளையின் தாய், “இந்தக் காசுக்குக் கடையில ரெடிமேட்டே எடுக்கலாமே” என்றார். ராத்தா டொப்பின் உட்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். அந்தத் தாய் கொஞ்ச நேரம் தடவிப் பார்த்துவிட்டுக் காசை எண்ணிக் கொடுத்தார், ஐம்பது ரூபாய் குறைத்து.

இப்போதெல்லாம் இப்படித் துணி கொண்டுவருபவர்களிடம் மூன்று மீற்றர் இருக்கிறதா என்றுதான் ராத்தா முதலில் கேட்கிறார்.