குடியம் மலைப் பாதையில் நாம் மறந்த பாடம்



ஆவடியை ஒட்டிய ஒரு மத்ரஸாவில் நாம் ஆசிரியப் பணி செய்து வருகிறோம். சூரத்துல் ஃகாஷியாவின் விளக்கத்தை நடத்திக்கொண்டிருந்த ஒரு நாளில், ஒட்டகத்தையும் வானத்தையும் நாட்டப்பட்ட மலைகளையும் நோக்குமாறு அல்லாஹ் அழைக்கும் இடத்தில், ஒரு மாணவர் எழுந்து, "ஹஜ்ரத், நம்ம பக்கம் மலையே இல்லையே, எதைப் பார்ப்பது?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. ஆனால் கேள்வி நியாயமானது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரப் பிள்ளைகள் அறிந்தவை ஏரிகளும் தொழிற்பேட்டைகளுமே. மலையை அவர்கள் கைப்பேசித் திரையில்தான் கண்டிருக்கிறார்கள்.

விசாரித்தபோது, மலை நாம் எண்ணியதைவிட அருகிலேயே இருப்பது தெரியவந்தது. திருவள்ளூர் மாவட்டத்தில், பூண்டி நீர்த்தேக்கத்திற்கு அப்பால், காப்புக்காட்டிற்குள் குடியம் குகைகள் உள்ளன. 2024 அக்டோபரில் தமிழக வனத்துறை 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்தபோது அவற்றுள் குடியமும் ஒன்றாக இடம்பெற்றது. இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். உள்ளூர் வழிகாட்டி ஒருவர் உடன் வருவார். இந்தக் கட்டுப்பாடு எதற்கு என்று கேட்பவர்கள் 2018 மார்ச் 11ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, சென்னையிலிருந்து சென்றவர்கள் உட்பட 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். காட்டில் அறிந்தவரின் சொல்லைக் கேட்டு நடக்க வேண்டும் என்பதற்கு அதைவிடப் பெரிய பாடம் வேண்டியதில்லை. நாமும் அதை மாணவர்களிடம் சொல்லித்தான் புறப்பட்டோம்.

ஜனவரி மாதத்து ஒரு சனிக்கிழமை. ஃபஜ்ருத் தொழுகைக்குப் பின் மாணவர்கள் பதினான்கு பேர், ஆசிரியர்கள் இருவர், ஆவடியில் மின்சார ரயிலேறித் திருவள்ளூரில் இறங்கினோம். அங்கிருந்து வேன். மூவர் பயணம் புறப்பட்டாலே ஒருவரைத் தலைவராக்கிக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். அந்தப் பொறுப்பு நம்மீது வந்தது. கஸ்ர் உண்டா என்று ஒரு மாணவர் கேட்டார். சுமார் 80 கிலோமீட்டர் என்னும் தூரத்தை எட்டாததால் நான்கு ரக்அத்துகளும் தொழ வேண்டும் என்று விடையளித்தோம்.

வழியில் கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே 1944இல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி அணையைப் பார்த்தோம். நம் வீட்டுக் குழாய்களில் வரும் நீரில் ஒரு பங்கு இங்கிருந்து வருவது என்றபோது பிள்ளைகள் வியந்தனர். தண்ணீரைப் பற்றி அன்று காலை நாம் நிரம்பப் பேசினோம் என்பதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஊரைத் தாண்டியதும் முட்புதர்க் காடு. பாதை முழுவதும் உருண்டையான கூழாங்கற்கள். கால் வைத்தால் உருளும். மலையே அத்தகைய கற்கள் ஒன்றோடொன்று இறுகி உருவான பாறைதான். குகை என்று சொல்லப்படுவது, ஒரு பெரும் பாறை முன்னோக்கிக் குடைபோல் நீண்டு நிற்கும் நிழலிடம். 1863ஆம் ஆண்டு பல்லாவரத்தில் கற்கோடரி ஒன்றைக் கண்டெடுத்த நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட், அதே ஆண்டில் இம்மலைகளுக்கு அருகிலுள்ள அத்திரம்பாக்கத்திலும் கற்கருவிகளைக் கண்டார். அத்திரம்பாக்கத்துக் கருவிகளின் தொன்மை சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011இல் ஆய்வாளர்கள் அறிவித்தனர். உண்மை நிலையை அல்லாஹ்வே நன்கறிந்தவன். அந்தப் பாறையடியில் நின்றபோது பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டனர். மலையைப் பார்ப்பது என்றால் என்ன என்று கேட்ட மாணவர் நெடுநேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

குகையருகே ஊர் மக்கள் வழிபடும் இடம் உள்ளது. எனவே சற்றுத் தள்ளி ஒரு மரநிழலில் லுஹர் தொழ முடிவு செய்தோம். இங்குதான் நம் தவறு தொடங்கியது. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கொண்டுவந்திருந்தோம். ஏறி முடிப்பதற்குள் பாதிக்கு மேல் தீர்ந்திருந்தது. மாணவர்கள் உளூச் செய்யப் புட்டிகளைத் திறந்தபோது வழிகாட்டி நம்மிடம் வந்து, "ஐயா, தண்ணிய வச்சுக்கோங்க. திரும்பும்போதுதான் வெயில் ஏறும்" என்றார். முகத்தில் நரை படர்ந்த, அந்தக் காட்டிலேயே வளர்ந்த மனிதர். நாம் புன்னகைத்து, "பரவாயில்லை, எங்களுக்குத் தொழுகை முக்கியம்" என்று கூறிவிட்டோம்.

அந்த விடையில் மார்க்கம் இருந்ததைவிடப் பெருமை அதிகம் இருந்தது. தன் தாகத்துக்கோ உடன் வருபவரின் தாகத்துக்கோ தண்ணீர் தேவைப்பட்டால் அதைப் பாதுகாத்துக்கொண்டு தயம்மும் செய்யலாம் என்பதை நாம் அறியாதவர் அல்லர். உடன் வரும் பிராணியின் தாகத்தைக்கூட நம் ஃபிக்ஹ் நூல்கள் கணக்கில் எடுத்துள்ளன. அதுவும் வேண்டாம், அஸருக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. கீழே இறங்கி, ஊரில் உளூச் செய்து, லுஹரை அதன் நேரத்திற்குள்ளேயே தொழுதிருக்கலாம். இரண்டு வாசல்களையும் அல்லாஹ் திறந்து வைத்திருந்தான். ஒரு வழிகாட்டியின் முன் நம் பேணுதலைக் காட்ட விரும்பி இரண்டையும் நாம் மூடினோம்.

இறங்கும் வழியில் பட்டாபிராமிலிருந்து வரும் பதினைந்து வயது மாணவர் ஒருவர் பின்தங்கினார். அதிகம் பேசாத பிள்ளை. கற்கள் உருளும் ஓரிடத்தில் தள்ளாடி அமர்ந்தவர் எழவில்லை. உடல் கொதித்தது, கேட்டதற்குத் தெளிவான விடை வரவில்லை. எல்லாப் புட்டிகளும் காலி. வழிகாட்டி தம்மிடம் இருந்த கடைசித் தண்ணீரில் துண்டை நனைத்து அவர் கழுத்தில் இட்டார்; மிச்சத்தை மிடறு மிடறாகப் புகட்டினார். பின்பு ஊருக்குத் தொலைபேசியில் சொன்னார். அவர் மகன் இரண்டு குடம் தண்ணீரும் மோரும் கொண்டுவரும் வரை கடந்த நாற்பது நிமிடங்களில் நாம் ஓதிய துஆக்களை நாமே எண்ணவில்லை.

அல்ஹம்துலில்லாஹ், மாலைக்குள் பிள்ளை தெளிந்தார். அப்போதுதான் விஷயம் தெரிந்தது. புட்டி காலியாகிவிட்ட இரு நண்பர்களுக்கும் உளூச் செய்யத் தம் தண்ணீரை முழுவதும் கொடுத்திருக்கிறார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டோம். "நீங்கதானே உளூச் செய்யச் சொன்னீங்க, ஹஜ்ரத்" என்றார். அந்தச் சொல்லில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. அதுவே நம்மை அதிகம் சுட்டது.

ஆவடி நிலையத்தில் அவருடைய அத்தா காத்திருந்தார். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் வேலை செய்பவர். பிள்ளைக்கு வெயில் தாக்கிவிட்டது என்று மட்டும் கூறி முடித்துவிடலாம் என்று ஒரு கணம் மனம் சொன்னது. பின்பு நடந்ததை நடந்தபடியே கூறினோம். அவர் சற்று நேரம் மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எம் புள்ள திரும்பி வந்துட்டான், ஹஜ்ரத். இதை மத்த புள்ளைங்ககிட்டயும் சொல்லுங்க" என்றார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை வகுப்பில் சொன்னோம். அபூதாவூதில் பதிவான ஒரு நிகழ்வை முதலில் எடுத்துரைத்தோம். பயணத்தில் தலையில் காயம்பட்ட ஒருவருக்குக் குளிப்புக் கடமையானது. தயம்மும் செய்யச் சலுகை உண்டா என்று கேட்டார். தோழர்கள் இல்லை என்றனர். அவர் குளித்து இறந்துபோனார். செய்தியறிந்த நபி (ஸல்) அவர்கள், சலுகையை மறுத்தவர்களையே அந்த மரணத்திற்குப் பொறுப்பாக்கிக் கடிந்துகொண்டார்கள். பதினெட்டு ஆண்டுகள் இந்த ஹதீஸைக் கற்பித்திருக்கிறோம். காயம்பட்டவரின் இடத்திலிருந்தே அதைப் படித்து வந்தோம். மறுத்தவர்களின் வரிசையில் நம் பெயரும் சேரக்கூடும் என்று ஒருநாளும் எண்ணியதில்லை.

மலைக்குப் போகாதீர்கள் என்று எழுத இதைத் தொடங்கவில்லை. பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். அனுமதி பெற்று, வழிகாட்டியுடன், விடியற்காலையில் ஏறி, வெயில் முதிர்வதற்குள் இறங்குங்கள். குடிக்கும் தண்ணீரையும் உளூத் தண்ணீரையும் தனித்தனியே கணக்கிடுங்கள். குறைந்தால் தயம்மும் இருக்கிறது. ஹனஃபி மத்ஹபில் கல்லின் மீதும் கூடும். ஷாஃபிஈ மத்ஹபில் புழுதியுள்ள மண் வேண்டும். குடியத்தில் இரண்டுமே காலடியில் கிடக்கின்றன.

அந்த வழிகாட்டியைச் சென்ற மாதம் மீண்டும் சென்று கண்டோம். அவர் பேச்சை மதிக்காததற்கு வருத்தம் தெரிவித்தோம். "புள்ள நல்லா இருக்கானா ஐயா?" என்பதுதான் அவர் கேட்டது.

அல்லாஹ் நமக்குப் பயனுள்ள கல்வியையும், அது தேவைப்படும் நேரத்தில் நினைவுக்கு வரும் பாக்கியத்தையும் தந்தருள்வானாக. ஆமீன்.