மிதியும் பாய்ச்சலும்

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் உந்துவண்டிப் பொறியைப் பற்றி ஒரு கட்டுரையா என்று சிலர் புருவத்தை உயர்த்தக்கூடும். நாம் பொறியியல் பயின்றவர் அல்லோம். ஆயினும் ஊர்தியைப் பாடுவது தமிழுக்குப் புதிதன்று. தேரின் விரைவையும் பரியின் பாய்ச்சலையும் சங்கச் சான்றோர் நுணுகி நோக்கியுள்ளனர். காரிமங்கலம் என்னும் நம் ஊர்ப்பெயரைச் சொல்லுந்தோறும், பெயரொற்றுமையால், மலையமான் திருமுடிக்காரி நம் நினைவுக்கு வருகிறான். காரி என்னும் குதிரைமேல் வந்த காரியும், ஓரி என்னும் குதிரைமேல் வந்த ஓரியும் பொருத செய்தியைச் சிறுபாணாற்றுப்படை கூறுகிறது. ஊர்ந்தவனுக்கும் ஊர்திக்கும் ஒரே பெயர்! இருவரும் ஒன்றிய நிலையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல இயலாது.

ஊர்பவன் நினைப்பதற்கும் ஊர்தி பாய்வதற்கும் இடையே எத்துணை இடைவெளி? அன்று குதிரையை நோக்கிக் கேட்ட இவ்வினாவை இன்று பொறியை நோக்கிக் கேட்கிறோம். ஓய்வு வேளையில் நம் மாணவர்கள் மரத்தடியில் நின்று பேசுவதில் பாதி, பந்தயக் கார்களைப் பற்றியதாகவே இருக்கிறது. "டர்போ சிறந்ததா, சூப்பர்சார்ஜர் சிறந்ததா?" என்று கேட்டு நம்மை நடுவராக்கியவர்களும் உண்டு. தீர்ப்புக்கு முன் வழக்கை ஆராய வேண்டும். அதற்கு வள்ளுவர் வகுத்த முறையே நமக்குக் கைகொடுக்கிறது. பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என 48, 49, 50-ஆம் அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. அரசனுக்குச் சொன்ன அம்மூன்றும் ஆக்சிலேட்டர்மேல் கால் வைத்திருப்பவனுக்கும் பொருந்தும்.

வலியறிதல்

பொறிக்கு உணவு எரிபொருள் மட்டுமன்று, காற்றும் உணவே. ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றுவது எளிது. காற்றைக் கூடுதலாகப் புகுத்துவதே அரிது. சாதாரணப் பொறி தன்னால் இயன்ற அளவு காற்றை உறிஞ்சிக்கொள்ளும். அதற்கு மேலும் வலிமை வேண்டுமெனின் காற்றை அழுத்தி உள்ளே செலுத்த வேண்டும். அவ்வாறு செலுத்த இரண்டு வழிகள் உள்ளன.

முதல் வழி சூப்பர்சார்ஜர். பொறியின் சுழல்தண்டிலிருந்தே பெல்ட்டோ பற்சக்கரமோ கொண்டு ஒரு காற்றழுத்தியைச் சுழற்றுவது இது. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தைச் சேர்ந்த ரூட்ஸ் சகோதரர்கள் 1860-இல் காப்புரிமை பெற்ற காற்றூதிதான் இதன் முன்னோடி. ஆலைகளுக்கும் உலைகளுக்கும் காற்று ஊதிய கருவி பின்னாளில் காருக்குள் குடிபுகுந்தது. 1921-இல் மெர்சிடிஸ் நிறுவனம் இவ்வகைக் கார்களைக் காட்சிக்கு வைத்தது.

இரண்டாம் வழி டர்போசார்ஜர். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி 1905-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். பொறியிலிருந்து வெளியேறும் புகை வெப்பமும் விசையும் உடையது. அது வீணே வெளியில் போகாமல் ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றும். அதே அச்சில் மறுமுனையில் உள்ள சக்கரம் காற்றை அழுத்தி உள்ளே தள்ளும். நம் பகுதிக் கரும்பாலைகளில் வெல்லம் காய்ச்சுவதைக் கண்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். சாறு பிழிந்த சக்கையே உலர்ந்தபின் கொப்பரைக்கு எரிபொருளாகிறது. கழிவே கருவியாகும் சிக்கனம் அது. வீண்விரயத்தை வெறுக்கும் நம் மார்க்கத்தின் நெறிக்கும் இஃது இசைவானதே.

சூப்பர்சார்ஜரோ பொறி ஈட்டும் வலிமையில் ஒரு பங்கை முன்னதாகவே எடுத்துக்கொள்கிறது. அறுவடைக்கு முன்பே வரி தண்டும் அரசு போன்றது அது. ஆனால் வரி கட்டியவனுக்கு உரிய உதவி உடனே கிடைத்துவிடுகிறது என்பதையும் மறத்தலாகாது.

காலமறிதல்

இங்குதான் வழக்கின் உயிர்நிலை உள்ளது. நம் ஊர்ப் பட்டறைகளில் 'பிக்கப்' என்று சொல்கிறார்களே, அது வலிமையின் பெயரன்று. வலிமை வந்து சேரும் காலத்தின் பெயர். இரு வண்டிகளும் ஒரே குதிரைத்திறன் உடையனவாக இருக்கலாம். மிதித்த கணத்தில் ஒன்று நகரும். மற்றொன்று நினைத்துப் பார்த்துவிட்டு நகரும்.

சூப்பர்சார்ஜர் பொறியோடு எப்போதும் சேர்ந்தே சுழல்வதால், கால் அழுந்தியவுடன் காற்று ஆயத்தமாக நிற்கிறது. கால் எவ்வளவு அழுந்துகிறதோ அவ்வளவு உந்துதல். கேட்டது கேட்டபடி கிடைக்கும். டர்போவின் நிலை வேறு. கால் அழுந்த வேண்டும். எரிபொருள் கூட வேண்டும். புகை பெருக வேண்டும். அப்புகை சக்கரத்தை நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேலே கொண்டுசெல்ல வேண்டும். பின்னரே அழுத்தம் எழும். சக்கை விழாமல் அடுப்பு எரியாது அன்றோ! 'டர்போ லேக்' என்று மாணவர்கள் சொல்லும் சுணக்கம் இதுவே. சுணக்கம் தீர்ந்தபின் வரும் உந்துதலோ, முதுகில் யாரோ கைவைத்துத் தள்ளியது போல ஒருசேர வரும்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. பொறி மிக மெல்லச் சுழன்றுகொண்டிருக்கையில், எவ்வளவு நேரம் மிதித்துக் காத்திருந்தாலும் டர்போ எழாது. டீசல் கார்கள் பலவற்றில் நிமிடத்திற்கு 2000 சுற்றை நெருங்கும்போதுதான் அவற்றின் உண்மையான இழுவை தெரியும். அந்நிலையில் காத்திருப்பது பயனற்றது. கியரை இறக்குவதே வழி.

வரலாறும் இதற்குச் சான்று கூறும். 1975-இல் விற்பனைக்கு வந்த போர்ஷே 911 டர்போ, 3 லிட்டர் பொறியில் 260 குதிரைத்திறன் கொண்டது. வளைவின் நடுவே மிதித்தால் முதலில் ஒன்றும் நிகழாது; பின் திடீரென்று முழு வலிமையும் பின்சக்கரங்களில் பாயும். அஞ்சிக் காலை எடுத்தால், பின்புறத்தில் பொறியைச் சுமந்த வண்டி சுழன்று திரும்பிவிடும். 'கைம்பெண் ஆக்கி' என்றே அதற்குப் பட்டப்பெயர் வழங்கியது. 1977-இல் ஃபார்முலா ஒன்று பந்தயத்திற்கு முதன்முதலாக டர்போவைக் கொணர்ந்த ரெனோ நிறுவனத்தின் மஞ்சள் வண்டி, புகைவிட்டு அடிக்கடி நின்றதால் 'மஞ்சள் தேநீர்க் கெண்டி' என்று எள்ளப்பட்டது. அக்கெண்டியே 1979-இல் பிரெஞ்சுப் பந்தயத்தில் வென்று எள்ளியவர் வாயை அடைத்தது.

சூப்பர்சார்ஜருக்கும் குறை உண்டு. டிம் பர்க்கின் என்னும் வீரர் வலியுறுத்தியதால் நாலரை லிட்டர் பென்ட்லியில் அது பொருத்தப்பட்டபோது, அக்காரைப் படைத்த பென்ட்லி அவர்களே அதை விரும்பவில்லை. 1930-ஆம் ஆண்டு லெ மான் 24 மணிப் பந்தயத்தில் அவ்வகைப் பென்ட்லிகளும், அவற்றோடு மோதிய சூப்பர்சார்ஜர் மெர்சிடிஸும் பாதியில் நின்றன. காற்றழுத்தி ஏதுமில்லாத ஆறரை லிட்டர் பென்ட்லியே வெற்றிக்கோட்டை முதலில் தொட்டது. உடனே கொடுப்பவன் நெடுநாள் கொடுப்பான் என்பதற்கு உறுதி இல்லை.

இவ்விரண்டையும் மணம் முடித்து வைத்தவர்களும் உண்டு. 1985-இல் வந்த லான்சியா டெல்டா எஸ்4 என்னும் பந்தய வண்டியில், தொடக்க வேகத்திற்குச் சூப்பர்சார்ஜரும் மேல்வேகத்திற்கு டர்போவும் ஒருங்கே அமைந்தன. பிற்காலத்தில் சக்கரங்கள் சிறுத்தன. இதழ்கள் தம் கோணத்தை மாற்றிக்கொள்ளக் கற்றன. 2014 முதல் 2025 வரை ஃபார்முலா ஒன்று பொறிகளில், டர்போவின் அச்சிலேயே ஒரு மின்பொறி அமர்ந்து சுணக்கத்தைப் போக்கியது. நம் கோயம்புத்தூர் நாராயண் கார்த்திகேயன் 2005-இலும், சென்னைக் கருண் சந்தோக் 2010-இலும் அப்பந்தயத்தில் அடியெடுத்து வைத்தபோது, அங்கே டர்போவும் இல்லை, சூப்பர்சார்ஜரும் இல்லை. தானே மூச்சிழுக்கும் பொறிகளின் காலம் அது. அவர்கள் கால் சொன்னதைப் பொறி அக்கணமே கேட்டது.

இடனறிதல்

மேலைநாட்டுப் பந்தயத் திடலின் கதை நமக்கெதற்கு என்று பெரியோர் வினவலாம். சுணக்கம் என்பது திடலில் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும். நம் சாலையில் உயிரைத் தீர்மானிக்கும்.

காரிமங்கலத்தைத் தொட்டுச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44 நாற்கரச் சாலை. முந்துவதற்குத் தனித்தடம் உண்டு. ஆனால் பாலக்கோடு போன்ற ஊர்களுக்குப் பிரியும் சாலைகளில், முந்த வேண்டுமெனின் எதிர்வருவோர் தடத்தைச் சற்று நேரம் கடன் வாங்கியாக வேண்டும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கிறது. எதிரே அதே வேகத்தில் ஒரு பேருந்து வருமாயின், ஒரு நொடியில் 44 மீட்டர் இடைவெளி மறைகிறது. டர்போ எழுவதற்கு எடுக்கும் இரண்டு நொடி, பந்தயத்தில் ஓர் இடம். இச்சாலையில் ஏறக்குறைய 90 மீட்டர்.

நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர் பழைய டீசல் கார் ஒன்றை வாங்கிய புதிதில், தக்காளி ஏற்றிச் சென்ற வண்டியை முந்த முனைந்தார். உயர்ந்த கியரில், மெதுவான ஓட்டத்தில் இருந்தபடியே மிதித்தார். வண்டி முனகியதேயன்றிப் பாயவில்லை. எதிரே பேருந்து. இறையருளால் பின்வாங்கிப் பழைய இடத்திற்கே வந்து சேர்ந்தார். "மிதிச்சேன் சார், வண்டி போகலை" என்று மறுநாள் நம்மிடம் சொன்னபோதும் அவர் குரல் நடுங்கிற்று. வண்டியில் பழுது ஏதுமில்லை என்று பட்டறையில் சொல்லிவிட்டார்களாம். பழுதில்லாத வண்டியும் ஒரு நொடி தாமதித்தே ஏவல் கேட்கும் என்பதை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அவரை நம் தாய்மாமாவிடம் அழைத்துச் சென்றோம். மாமா முப்பது ஆண்டுகள் லாரி ஓட்டியவர். டர்போ இல்லாத பழைய வண்டியில் தொடங்கி, டர்போ வந்த வண்டியில் ஓய்வு பெற்றவர். "முந்தறதை மிதிச்சுக்கிட்டே முடிவு பண்ணக்கூடாது தம்பி. முதல்ல கியரை இறக்கு. டர்போ எழும்புற சத்தம் கேக்கட்டும். அப்புறம் ரோட்டைப் பாரு. ரோடு காலியா இருந்தா மட்டும் வெளியே வா" என்றார். பொறியியல் நூல் பல பக்கங்களில் விரிக்கும் பாடத்தை அவர் ஐந்து வாக்கியங்களில் முடித்துவிட்டார். நெடுந்தொலைவு ஓடி வந்தபின் அவர் சாவியை உடனே அணைக்கமாட்டார். பொறியைச் சற்று நேரம் மெல்ல ஓடவிடுவார். "ஓடி வந்த குதிரையை உடனே கட்டக்கூடாது" என்பார். கொதிக்கும் டர்போவின் அச்சு, எண்ணெய் ஓட்டத்தால் குளிர வேண்டும் என்பதே அதன் காரணம். வண்டியில் ஏறியதும் பயண துஆ ஓதாமல் அவர் புறப்பட்டதை நாம் கண்டதில்லை. ஒட்டகத்தைக் கட்டியபின் இறைவனிடம் பொறுப்பளிக்கச் சொன்ன நபிமொழியை அவர் தம் தொழிலிலேயே கடைப்பிடித்தார்.

தீர்ப்பு

மாணவர்கள் கேட்ட வினாவுக்கு வருவோம். மலைப்பாதையின் வளைவுகளிலும் பந்தயத் திடலின் திருப்பங்களிலும் கால் கேட்டதை அப்படியே தரும் சூப்பர்சார்ஜரே இனியது. சீராக நெடுந்தொலைவு சுமை இழுக்கும் பணியில், கழிவைக் கருவியாக்கும் டர்போவே சிறந்தது. பெங்களூரிலிருந்து சேலம் நோக்கி இரவு பகலாய் நம் ஊரைக் கடக்கும் லாரிகள் டர்போவை ஏற்றதும் இதனாலேயே. ஆனால் ஓட்டுபவர் அறிந்துவைத்துள்ள சுணக்கம் தீங்கு செய்யாது. அறியாத சுணக்கமே தீங்கு செய்யும்.

காலம் இவ்வழக்கையே மாற்றிக்கொண்டிருக்கிறது. நமக்கு அண்மையிலுள்ள போச்சம்பள்ளியில் 2021-இல் மின் ஸ்கூட்டர் உற்பத்தி தொடங்கிற்று. மின்பொறிக்குக் காற்றும் வேண்டா, புகையும் வேண்டா. கைப்பிடியை முறுக்கிய கணத்தில் முழு இழுவையும் வந்துவிடும். பொறியாளர்கள் ஒரு நூற்றாண்டுக் காலம் போராடி விரட்டிய சுணக்கம், மின்னூர்தியில் ஓசையின்றி மறைந்துபோயிற்று. நம் மாணவர்கள் பலர் இன்று அதன்மீதே கல்லூரிக்கு வருகின்றனர்.

நினைத்தவுடன் பாயும் குதிரை நம் கைக்கு வந்துவிட்டது. எண்ணத்திற்கும் பாய்ச்சலுக்கும் இடையே முன்பு பொறி ஒரு நொடியைத் தானே வைத்திருந்தது. விரும்பாத நொடிதான், எனினும் எதிரே வருவதைக் கண்டு மனம் மாற்றிக்கொள்ள அதில் இடமிருந்தது. இனி அந்த நொடியைப் பொறி தராது. ஓட்டுபவர்தாம் தமக்குத் தாமே தந்துகொள்ள வேண்டும். அவசரத்தைப் பழித்து நிதானத்தைப் போற்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அறிவுரையும், காலமறிதல் அதிகாரமும் நமக்குக் கற்பிப்பது அந்த ஒரு நொடியைத்தான்.

மாணவச் செல்வங்களே! வலியறிந்து, காலமறிந்து, இடனறிந்து வண்டியைச் செலுத்துங்கள். மாலையில் உங்களை எதிர்பார்த்து வாசலில் நிற்கும் பெற்றோரிடம் நலமாகச் சென்று சேருங்கள். எல்லாம் வல்ல இறைவன் அதற்கு அருள்புரிவானாக!