ஒரு சிட்டிகை அரிசிக் காவல்

ஜாவாத் தீவில் ஒரு கிராமத்து வீட்டில் தங்கியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி ஒரு மணிக்கு விழிப்புக் கொடுக்கிறது. ஜன்னல் வழியாகப் பார்த்தால், போர்வை போர்த்திய இரண்டு பேர் டார்ச் விளக்குடன் வாசலுக்கு வருகிறார்கள். தூணில் தொங்கும் சிறு டப்பாவைக் கவிழ்த்து, அதில் உள்ளதைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகிறார்கள். "திருடன், திருடன்!" என்று கூச்சல் போட்டுவிடாதீர்கள். அவர்கள்தாம் ஊர்க் காவல்காரர்கள்! டப்பாவில் இருப்பது அவர்களுக்கென்றே வீட்டு அம்மாள் சாயங்காலம் போட்டு வைத்த அரிசி.

இதற்கு 'ஜிம்பித்தான்' என்று பெயர். விரல் நுனியால் எடுக்கும் ஒரு சிட்டிகை என்று அர்த்தம். இப்போது பல ஊர்களில் அரிசிக்குப் பதிலாகச் சில்லறைக் காசு போடுகிறார்கள். சேர்ந்த தொகை தெரு விளக்குக்கும், சாவு வீட்டுச் செலவுக்கும், நோயாளியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதற்கும் உதவுகிறது. இதில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. காலையில் டப்பா காலியாக இருந்தால், காவல்காரர்கள் தூங்காமல் சுற்றி வந்தார்கள் என்று வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிடும். டப்பா அப்படியே இருந்தால் அன்றைய முறைக்காரர்கள் பாடு திண்டாட்டந்தான்!

மத்திய ஜாவாவில் க்ளாத்தென் ஜில்லா, மெராப்பி எரிமலையின் சரிவில் இருக்கிறது. அங்கே ஒரு சிற்றூரில் சில நாள் தங்கும் சந்தர்ப்பம் எனக்குக் கிடைத்தது. ஜோக்ஜகர்த்தாவில் படிக்கும் ஒரு மாணவர் மொழிபெயர்ப்பாளராக வந்திருந்தார். போய்ச் சேர்ந்த அன்றே அவர் என்னைத் தெருத் தலைவர் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். வெளியூர் விருந்தாளி 24 மணி நேரத்துக்குள் தம் வரவைத் தெரிவிக்க வேண்டும் என்று தெருக் கோடியிலேயே பலகை வைத்திருக்கிறார்கள். தலைவர் என் பாஸ்போர்ட் நம்பரை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு, இனிப்பான தேநீரும் வறுத்த வேர்க்கடலையும் கொடுத்து அனுப்பினார்.

இந்தத் தெருச் சங்கத்துக்கு 'ருக்குன் தத்தாங்கா' என்று பெயர். அக்கம்பக்கத்து ஒற்றுமை என்று சொல்லலாம். 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் அந்த நாட்டைப் பிடித்து வைத்திருந்தபோது ஏற்படுத்திய ஏற்பாடு இது. ஜப்பானியர் போய்விட்டார்கள், சங்கம் நிலைத்துவிட்டது. சுகார்த்தோவின் நீண்ட ஆட்சியில், ஊரைக் காக்கும் கண்ணே ஊராரை வேவு பார்க்கும் கண்ணாகவும் இருந்தது. 1998ல் அந்த ஆட்சி முடிந்தது. காவல் மட்டும் தொடர்கிறது. நாம் 'ரோந்து' என்பதை அவர்கள் 'ரோண்டா' என்கிறார்கள்.

சரி, இவ்வளவு காவல் காத்துக் காப்பாற்றும் சொத்துத்தான் என்ன?

எனக்கு இடம் கொடுத்த வீட்டுக்காரருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். ஊரார் அவரை 'பாக்' என்று, அதாவது 'அப்பா' என்று அழைத்தார்கள். நானும் அப்படியே அழைத்தேன். அவருக்குச் சொந்தமாக ஒரு ஏக்கருக்கும் குறைவான நிலம். போதாததற்கு இன்னொருவர் வயலை வாரத்துக்குப் பயிரிடுகிறார். விளைவில் பாதி நிலக்காரருக்கு, பாதி இவருக்கு. இந்த முறைக்கு 'மாரோ' என்று பெயர்.

1960ல் இந்தோனேஷியா ஒரு பெரிய நிலச் சட்டம் செய்தது. ஒவ்வொரு விவசாயக் குடும்பத்துக்கும் குறைந்தது 2 ஹெக்டேர், அதாவது சுமார் 5 ஏக்கர் இருக்கும்படி அரசாங்கம் முயல வேண்டும் என்று அதே ஆண்டில் இன்னொரு சட்டத்திலும் எழுதி வைத்தார்கள். எழுத்து இருக்கிறது, ஏக்கர்தான் இல்லை! ஜாவாவில் அரை ஹெக்டேருக்கும் குறைவாக வைத்திருக்கும் குடியானவர்களே மிகுதி. ஒவ்வொரு தலைமுறையிலும் பாகப் பிரிவினை ஆகிறது. மகனுக்குக் காவடியின் இரு பக்கச் சுமை, மகளுக்கு முதுகில் கட்டித் தூக்கும் ஒரு சுமை என்பது பழைய கணக்கு. தர்பூசணிப் பழத்தைப் பிளந்தது போல் சரிபாதி என்று கொடுப்பவர்களும் உண்டு. எப்படிக் கொடுத்தாலும் வயல் என்னவோ சிறுத்துக்கொண்டேதான் போகிறது.

அந்தச் சிறு நிலத்துக்கும் நெடுங்காலம் சரியான பட்டா கிடையாது. கிராம ஆபீஸில் ஒரு பழைய பேரேடு இருக்கும். யார் வரி கட்டுகிறார்கள் என்று அதில் எழுதியிருக்கும். அதுதான் அத்தாட்சி. 2015ல் நாட்டில் இருந்த 12 கோடியே 60 லட்சம் மனைகளில், சர்க்கார் பத்திரம் பெற்றவை 4 கோடியே 60 லட்சந்தான். 2017 முதல் ஊர் ஊராக அளந்து பத்திரம் வழங்கும் வேலையைத் துரிதப்படுத்தினார்கள். பாக் வீட்டுக்கும் ஒன்று வந்தது.

"இப்போது நிம்மதிதானே?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "நிம்மதிதான், தம்பி. ஆனால் என் மகன் அதைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலாமா என்று கேட்கிறான்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. மாணவர்தான் விளக்கினார். பத்திரத்தைப் பாங்கியில் அடகு வைப்பதை அந்த ஊரில் 'பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது' என்று வேடிக்கையாகச் சொல்வார்களாம். வீட்டை விட்டுப் போகிறதல்லவா? படிப்பு முடிந்து திரும்பி வருமா, வராதா என்பது வட்டியைப் பொறுத்த விஷயம்!

பாக் அந்தப் பத்திரத்தை ஒரு மரப் பெட்டியில் வைத்திருந்தார். பெட்டிக்கு அவர்கள் மொழியிலும் 'பெத்தி' என்றுதான் பெயர். நம் கப்பல் அங்கே 'காப்பால்', நம் கடை 'கெடாய்'. ஒரு காலத்தில் நம்மவர்கள் அங்கே என்னென்ன கொண்டு போனார்கள் என்பதற்கு இந்தச் சொற்களே சாட்சி.

நிலத்துக்கு அடுத்த சொத்து மாடு. கால்நடைச் செல்வத்துக்கு ஜாவா மொழியில் 'ராஜகாயா' என்று பெயர். பழந்தமிழில் மாடு என்ற சொல்லுக்கே செல்வம் என்று பொருள் இல்லையா? வங்கிக் கணக்கு இல்லாதவருக்கு மாடுதான் வங்கி. பெண்ணின் கல்யாணத்துக்கோ பிள்ளையின் படிப்புக்கோ ஒரு மாட்டை விற்றால் தீர்ந்தது. ஆகவே திருடனுக்கும் அதன் மேல்தான் கண். சமையலறைக்குப் பக்கத்துச் சுவரை ஒட்டியே பாக் வீட்டுக் கொட்டகை இருந்தது. மாடு பெருமூச்சு விட்டால்கூட வீட்டில் கேட்கும்.

காவல் சாவடியில் 'கெந்தோங்கான்' என்ற மரத் தட்டி தொங்குகிறது. பலா மரத்தைக் குடைந்து நீளவாக்கில் பிளவு விட்டது. மூங்கிலிலும் செய்வார்கள். இத்தனை தட்டுத் தட்டினால் திருட்டு, இத்தனை தட்டினால் தீ, இத்தனை தட்டினால் மாட்டுத் திருட்டு என்று ஊருக்கு ஊர் குறிப்பு உண்டு. விடாமல் படபடவென்று தட்டினால் பெரிய ஆபத்து. ஐந்து நிமிஷத்தில் ஊரே கம்பும் கையுமாக வந்து நிற்கும்.

அப்படித் திரண்ட ஊரே ஆபத்தாகிவிடுவதும் உண்டு. சில வருஷங்களுக்கு முன் கோழி திருடிய ஒரு பையன் அகப்பட்டுக்கொண்டானாம். தட்டி ஒலித்தது, கூட்டம் திரண்டது, அடி விழத் தொடங்கியது. தெருத் தலைவர் குறுக்கே பாய்ந்து, பையனைத் தம் வீட்டுக்குள் இழுத்துக் கதவைத் தாழிட்டுவிட்டார். போலீஸ் வரும் வரையில் வாசற்படியை விட்டு அவர் நகரவில்லை. "திருடனிடமிருந்து ஊரைக் காக்க ஆறு பேர் போதும். ஊரிடமிருந்து திருடனைக் காக்க ஒருவர் வேண்டும். அவர் கிடைப்பதுதான் கஷ்டம்" என்றார் பாக். தேசமெங்கும் எல்லாத் தெருவிலும் அப்படி ஒருவர் இருப்பதில்லை. அடிபட்டே இறந்தவர்களும் உண்டு.

எல்லாவற்றுக்கும் மேல் மெராப்பி இருக்கிறது. 1930ல் அது சீறியபோது 1,300 பேருக்கு மேல் மாண்டார்கள். 2010 அக்டோபர் 26ஆம் தேதி மறுபடி வெடித்தது. நவம்பர் 5ஆம் தேதி இன்னும் பயங்கரமாக வெடித்தது. 350 பேருக்கு மேல் பலியானார்கள். லட்சக்கணக்கானவர்கள் முகாம்களுக்குப் போனார்கள். ஆனால் பொழுது விடிந்ததும் பலர் மெல்ல மலையேறிவிடுவார்களாம். எதற்கு? மாட்டுக்குப் புல் அறுத்துப் போட! சர்க்கார் உபதேசம் செய்து பார்த்தது, பலிக்கவில்லை. கடைசியில் மாடுகளை நாங்களே விலைக்கு வாங்கிக்கொள்கிறோம் என்று அறிவிக்க வேண்டியதாயிற்று.

"நானும் நான்கு நாள் போனேன்" என்றார் பாக். "ஐந்தாம் நாள் என் மனைவி என் செருப்பை ஒளித்து வைத்துவிட்டாள். சுடுசாம்பலில் வெறுங்காலோடு நடக்க முடியுமா? அதனால் பிழைத்தேன். மாடு பிழைக்கவில்லை."

அந்த அம்மாள் அப்போது அடுப்படியில் இருந்தார். ஒன்றும் பேசவில்லை. சற்று நேரம் பாக்கும் பேசவில்லை.

அதன் பிறகு அரசாங்கமும் ஒரு பாடம் கற்றுக்கொண்டது. மலையடிக் கிராமம் ஒவ்வொன்றுக்கும் கீழே பத்திரமான இடத்தில் ஒரு 'சகோதர கிராமம்' ஏற்பாடு செய்தார்கள். ஆபத்து வந்தால் எந்த ஊருக்குப் போவது என்பது முன்கூட்டியே நிச்சயம். 2020 நவம்பரில் அபாய அறிவிப்பை மூன்றாம் படிக்கு உயர்த்தியபோது, சில ஊர்களில் மனிதர்களோடு மாடுகளையும் கீழே இறக்கினார்கள். மாடு வந்தால்தான் மனிதன் வருவான் என்பது ஒருவழியாக எல்லோருக்கும் புரிந்துவிட்டது!

முன்பெல்லாம் பாக் தெருவில் ஒரு ராத்திரிக்கு ஆறு பேர் காவல் முறை. இப்போது மூன்று. வாலிபர்கள் நகரத்துத் தொழிற்சாலைகளுக்குப் போய்விட்டார்கள். முறைக்கு வர முடியாதவர்கள் அபராதமாகப் பணம் கட்டுகிறார்கள். பாக்கின் மகனும் மாதா மாதம் தவறாமல் அனுப்புகிறான். ஆனாலும் மகனுடைய முறை நாளில் அவரே போர்வையைப் போர்த்திக்கொண்டு கிளம்பிவிடுகிறார்.

"பணந்தான் கட்டியாகிவிட்டதே?" என்றேன்.

"பணம் தட்டியை அடிக்குமா, தம்பி?" என்று கேட்டார் அவர்.