ஃப்ரீ டெலிவரியும் என் சித்தியின் பெட்ஷீட்டும்

போன தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு கரூரில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். உள்ளே நுழைந்ததும் சிரிப்பு வந்துவிட்டது. ஹாலின் நடுவில் ஒரு பெட்ஷீட் பார்சலை வைத்து, அதன் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார் சித்தி. பக்கத்தில் ஒரு டேப்பும் கத்தரிக்கோலும்.

"என்ன சித்தி, தியானமா?"

"காத்து எடுக்கறேன் கண்ணு. பொட்டலம் உப்பலா இருந்தா அதுக்கும் காசு பிடிச்சுக்குவாங்க."

நான் நம்பவில்லை. பிறகு அவரே ஸ்கேலை வைத்துக் காட்டினார். ஆன்லைனில் பொருள் விற்பவர்களிடம் தளங்கள் வாங்கும் அனுப்பும் கட்டணம், எடையைப் பார்த்து மட்டும் வருவதில்லை. பார்சலின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி, 5,000-ஆல் வகுத்தால் ஒரு 'கன அளவு எடை' கிடைக்கும். தராசில் வரும் எடை, இந்தக் கன அளவு எடை இரண்டில் எது அதிகமோ அதுதான் கணக்கு. சித்தியின் பெட்ஷீட் செட், இரண்டு தலையணை உறையோடு 900 கிராம். 30-க்கு 25, உயரம் 6 என்று அமுக்கிக் கட்டினால் கன அளவிலும் அதே 900 கிராம்தான் வரும். உள்ளே காற்று புகுந்து உயரம் 8 ஆனால் 1.2 கிலோ! ஒரு கிலோவைத் தாண்டியதும் அடுத்த ரேட். அந்த 2 சென்டிமீட்டருக்காகத்தான் சித்தி அரை நாள் பார்சல்கள் மேல் மாறி மாறி உட்கார்ந்து எழுகிறார்.

அந்த செல்லர் அக்கவுன்ட்டைத் திறந்து கொடுத்ததே நான்தான். மூன்று வருடத்துக்கு முன் பொங்கல் லீவில் போயிருந்தபோது, ஜி.எஸ்.டி எண், பேங்க் விவரம், போட்டோ என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஏற்றினேன். எந்தத் தளம் என்பது இங்கே வேண்டாம். எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை பார்த்த சித்தப்பாவுக்கு ஷிஃப்ட் குறைந்திருந்த சமயம் அது. கரூரில் பெட்ஷீட் துணிக்கா பஞ்சம்? துணியை வாங்கி, தெருவில் இரண்டு அக்காக்களிடம் உறை தைக்கக் கொடுத்து, ஒரு செட் 699 ரூபாய் என்று போட்டார் சித்தி. கமிஷன், அனுப்பும் கட்டணம், அவற்றின் மேல் 18 சதவிகித ஜி.எஸ்.டி எல்லாம் பிடித்துக்கொண்டு தளம் கொடுப்பது 500 சொச்சம். துணி, தையல், கவர், வரி போக ஒரு செட்டுக்கு 80 ரூபாய் நிற்கும். மாதம் 80 செட் போய், ஆறேழு திரும்பி வந்து, கையில் ஐயாயிரம் ரூபாய் நின்றுகொண்டிருந்தது.

அடுத்த யோசனையும் என்னுடையதுதான்.

"சித்தி, உங்க பொருளுக்கு அந்த மெம்பர்ஷிப் அடையாளம் இல்லை. மெம்பரா இருக்கறவங்க பாதிப் பேர் அதை மட்டும் ஃபில்டர் போட்டுத்தான் பார்ப்பாங்க" என்றேன். எனக்குத் தெரியும், நான் அப்படித்தான் பார்ப்பேன்.

இந்த மெம்பர்ஷிப் சமாசாரத்தின் வரலாறு பெரிதில்லை. 2005-ல் அமெரிக்காவில் அமேசான், வருடத்துக்கு 79 டாலர் கட்டினால் இரண்டு நாளில் டெலிவரி, தனியாக அனுப்பும் கட்டணம் கிடையாது என்று 'பிரைம்' திட்டத்தை ஆரம்பித்தது. இந்தியாவுக்கு அது 2016 ஜூலையில் வந்தது. முதலில் வருடத்துக்கு 499, பிறகு 999, 2021 டிசம்பரில் 1,499 ரூபாய். ஃப்ளிப்கார்ட் 2018 சுதந்திர தினத்தன்று 'பிளஸ்' கொண்டுவந்தது. அப்போது அதற்கு ஆண்டுக் கட்டணம் இல்லை, வாங்கி வாங்கிச் சேர்க்கும் காயின்கள்தான் கணக்காக இருந்தன. பண்டிகை சேல் வந்தால் மெம்பர்களுக்கு முதலிலேயே கதவு திறக்கும். 'மெம்பர்களுக்கு ஒரு நாள் முன்பே!' என்று ஆச்சர்யக்குறி போட்டு எங்கள் டெஸ்க்கிலிருந்து செய்தி எழுதுகிற ஆளும் நானேதான்.

அந்த அடையாளம் கிடைக்க விற்பவருக்கு இரண்டு வழி. தளம் சொல்கிற வேகத்தில் தவறாமல் நாமே அனுப்பிக் காட்ட வேண்டும். இல்லையென்றால், சரக்கை முன்கூட்டியே அவர்கள் கிடங்கில் கொண்டுபோய் அடுக்கிவிட வேண்டும். வீட்டில் கரன்ட் போனால் பிரின்டர் ஓடாது, சித்தியால் முதல் வழிக்கு முடியாது. கிடங்குக்கு 150 செட் அனுப்பலாம் என்று முடிவானது. அதற்கு 60,000 ரூபாய் வேண்டும். இரண்டு வளையல் அடகுக்குப் போனது. "தீபாவளிக்குள்ள மீட்டுடலாம் சித்தி" என்று தைரியம் சொன்னதும் நான்தான்.

விற்பனை ஏறியது உண்மை. ஒரே மாதத்தில் 150 செட்டும் போயின. சித்தப்பா எனக்கு போனில், "கலக்கிட்ட சாமி" என்றார். பிறகுதான் திரும்பி வர ஆரம்பித்தன. 24 செட்.

அடையாளம் வந்ததும் வாங்குகிற ஆட்கள் மாறுகிறார்கள். கைக்காசு போட்டு டெலிவரிக்குக் கொடுக்க வேண்டியிருந்தால், 'இந்தக் கலர் நம் சுவருக்கு ஒத்துவருமா, கட்டில் எத்தனை அங்குலம்' என்று ஒரு நிமிடம் யோசிப்போம். வருடக் கட்டணத்தைக் கட்டி முடித்த பிறகு அந்த ஒரு நிமிடம் காணாமல் போகிறது. கட்டினதற்கு வாங்கினால்தானே லாபம் என்று ஒரு ஆசையும் சேர்ந்துகொள்கிறது. நீலத்தில் ஒன்று, பச்சையில் ஒன்று வரவழைத்து, விரித்துப் பார்த்து, ஒன்றை அனுப்பிவிடலாம். அனுப்புவதும் இலவசம்.

சித்திக்கு அது இலவசம் இல்லை. போன செலவும் வந்த செலவுமாக ஒரு ரிட்டர்னுக்கு 160 ரூபாய் பிடித்தார்கள். இரண்டு செட் விற்ற லாபம் அதோடு போச்சு. (வீட்டு வாசல்வரை போய், வாங்காமலே திரும்பி வருவது வேறு கணக்கு. அதில் இவ்வளவு அடி இல்லை.) முன்பெல்லாம் திரும்பி வந்த செட் நேராக சித்தி கைக்கு வரும். பிரித்துப் பார்த்து, மடித்து, இஸ்திரி போட்டு மறுபடி விற்றுவிடுவார். இப்போது கிடங்கில் யாரோ ஒருவர் பிரித்துப் பார்த்து, 'விற்கத் தகுதியில்லை' என்று ஒதுக்கினார். 24-ல் 10 செட் அப்படிப் போயிற்று. அவற்றை வீட்டுக்கு வரவழைக்கவும் தனிக் கட்டணம். வந்ததைப் பார்த்தால் இரண்டில்தான் கறை. மற்றதெல்லாம் மடிப்புக் கலைந்தது, கவர் கிழிந்தது, அவ்வளவே. அதையெல்லாம் தெருவில் 350 ரூபாய்க்குக் கொடுத்தார்.

ராத்திரி கணக்கு நோட்டை விரித்து உட்கார்ந்தோம். 150 செட் போன மாதத்திலும் கையில் நின்றது அதே ஐயாயிரம் சொச்சம்தான். கிடங்கு வாடகையைக் கழித்தால் அதற்கும் கீழே. வளையலுக்கு வட்டி வேறு.

சித்தி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை போலிருந்தது. லேப்டாப்பில் ரிட்டர்ன் லிஸ்ட்டைத் திறந்து, "இந்த இங்கிலீஷை மட்டும் படிச்சுச் சொல்லு கண்ணு, எதுக்குத் திருப்பினாங்கன்னு" என்றார். படித்தேன். 'இப்போது தேவையில்லை.' 'அளவு சரியில்லை.' 'படத்தில் இருந்த கலர் இல்லை.' 'தரம் சரியில்லை.' மறுபடி 'தரம் சரியில்லை'. ஏழு இடத்தில் அது இருந்தது.

"துணி நல்ல துணிதானே? நானே தொட்டுப் பார்த்துத்தான் எடுத்தேன்" என்றார் சித்தி. அந்தக் காரணத்துக்கு மட்டும் அதிக வலு. அது கூடினால் பொருளின் மேல் புகார்க் கணக்கு ஏறும், தேடலில் கீழே போகும், ஒரு கட்டத்தில் பட்டியலையே நிறுத்தி வைப்பார்கள்.

எனக்குத் தொண்டை அடைத்தது. அதற்கு முந்தைய மாதம், சென்னையில் என் ரூமுக்கு மூன்று பெட்ஷீட் ஆர்டர் செய்திருந்தேன். மூன்றையும் கட்டிலில் விரித்து போட்டோ எடுத்து, ரூம்மேட்களிடம் ஓட்டு வாங்கி, இரண்டைத் திருப்பினேன். காரணம் கேட்கும் இடத்தில் 'மனம் மாறிவிட்டது' என்றும் ஒரு பட்டன் இருந்தது. அதை அழுத்தினால் ஏதாவது கேள்வி கேட்பார்களோ என்று 'தரம் சரியில்லை'யை அழுத்தினேன். இரண்டுக்குமே. கவரில் அனுப்பியவர் ஊர் பானிபட் என்று போட்டிருந்தது நினைவிருக்கிறது. அந்தத் துணியில் ஒரு குறையும் இல்லை.

சித்தியிடம் சொல்லிவிட்டேன். சொல்லாமல் அந்த லிஸ்ட்டை மேற்கொண்டு படிக்க முடியவில்லை. கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.

"எதுக்கு மூணு வாங்கினே? எங்கிட்டக் கேட்டிருந்தா ஒண்ணு குடுத்திருக்க மாட்டனா?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ரிட்டர்ன் என்பதே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. கிழிந்த துணி வந்தால் திருப்பத்தான் வேண்டும். அந்த வசதி இல்லாமல் இருந்திருந்தால் எங்கள் அம்மா இன்றுவரை ஆன்லைனில் ஒரு கர்ச்சீஃப்கூட வாங்கியிருக்க மாட்டார். ஆனால், நாம் கட்டும் வருடக் கட்டணத்தில் எல்லாம் அடங்கிவிட்டது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேனே, அது தப்பு. மீதி, பொருளின் விலைக்குள்ளும் சித்தி போன்றவர்களின் அந்த 80 ரூபாய்க்குள்ளும் இருக்கிறது.

அடுத்த நாள் இருவரும் லிஸ்ட்டைக் காரணவாரியாகப் பிரித்தோம். 'அளவு சரியில்லை'தான் அதிகம். 90-க்கு 100 அங்குலம் டபுள் காட்டுக்கு, 108-க்கு 108 கிங் சைஸுக்கு என்று நாங்கள் எழுதியிருந்தது எழுத்தாகத்தான் இருந்தது. சித்தப்பாவைக் கட்டிலில் உட்காரவைத்து, விளிம்பில் டேப் பிடித்து போட்டோ எடுத்து ஏற்றினோம். வெளிர் கலர்கள்தான் 'படத்தில் இருந்த மாதிரி இல்லை' என்று திரும்பின. அவற்றைக் கிடங்குக்கு அனுப்புவதை நிறுத்தி, வீட்டிலிருந்தே அனுப்புகிறார். கருநீலமும் மெரூனும் மட்டும் கிடங்கில். விலை 749 ஆகிவிட்டது. வீட்டிலிருந்து போகும் ஒவ்வொரு பார்சலையும் கட்டும்போதும், திரும்பி வருவதைப் பிரிக்கும்போதும் தம்பி போனில் வீடியோ எடுத்து வைக்கிறான். ஒருமுறை புது செட்டுக்குப் பதில் பழைய விரிப்பு ஒன்று வந்தது. அந்த வீடியோ இருந்ததால்தான் பணம் கிடைத்தது.

ரிட்டர்ன் முழுசாக நிற்கவில்லை, குறைந்திருக்கிறது. ஒரு வளையல் மீண்டுவிட்டது. இன்னொன்று இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது. அதற்கான வட்டியை இப்போது மாதாமாதம் நான் அனுப்புகிறேன். சித்தி வேண்டாம் என்றுதான் சொன்னார்.

போன ஞாயிற்றுக்கிழமை போன் செய்தேன். சித்தப்பா எடுத்தார்.

"உங்க சித்தி பார்சல் மேல உட்கார்ந்திருக்கா சாமி. அஞ்சு நிமிஷம் கழிச்சுக் கூப்பிடு."