ஊளையிடத் தெரிந்தவர்

மார்கழி பிறந்தால் காலாப்பட்டுப் பக்கம் நரிச்சத்தம் கேட்கும். பல்கலைக்கழக வளாகத்தின் புதர்க்காட்டிலும் ஆரோவில் மேட்டிலும் குள்ளநரிகள் இன்னும் இருக்கின்றன என்றால் புதுச்சேரிக்காரர்களில் பாதிப் பேர் நம்பமாட்டார்கள். காந்தி சிலையடியில் காற்று வாங்குகிறவர்களுக்கு நரி என்பது பாட்டி வடை சுட்ட கதையோடு சரி.

அமெரிக்காவிலும் கனடாவிலும் கயோட்டி என்று இதற்கு ஒரு பங்காளி உண்டு. உறைபனி கொட்டிக் கிடக்கும் தை, மாசியில் அதை ராத்திரியில் வேட்டையாடுகிறார்கள். வெண்பனியில் நிலா பட்டால் அசைகிற எதுவும் கறுப்பாகத் தெரியும். ஆட்கள் வெள்ளை உடுப்பில் அசையாமல் உட்கார்ந்து, அடிபட்ட முயல் அலறுவதுபோல ஒலிபெருக்கியை அலறவிடுவார்கள். பசியோடிருக்கும் கயோட்டி நேராக வராது. மோப்பம் பிடிக்க வாகாகச் சுற்றி வளைத்துத்தான் வரும். துப்பாக்கிக்கு வேலை கடைசி நொடியில்தான். வேட்டை முழுக்கக் கூப்பிடுவதில் இருக்கிறது.

அந்தக் கூப்பாட்டைக் கருவியில்லாமல், வெறும் தொண்டையால் செய்தவர்கள் நம் நரிக்குறவர்கள். பஸ் ஸ்டாண்டில் ஊசியும் பாசிமணியும் விற்கும் பெரியவர் ஒருவரிடம் ஒருநாள் கேட்டேன்.

“பத்து நரி கத்துற மாதிரி ஒருத்தனே கத்தணும் சாமி” என்றார். கத்திக்காட்டச் சொன்னேன். மணிச்சரங்களைத் தோளில் தள்ளிவிட்டு, இரண்டு உள்ளங்கையையும் வாயோரம் குவித்தார். அடிவயிற்றிலிருந்து ஒரு நீண்ட முனகல். அது ஏறி, உச்சியில் உடைந்து, துண்டு துண்டாக வீறிட்டது. டீக்கடைக்குக் கீழே சுருண்டு கிடந்த இரண்டு நாய்கள் எழுந்து நின்றன. கண்டக்டர் ஒருவர் முறைத்தார்.

வேட்டைக்கு மார்கழிதான் தோது என்றார். பனி இறங்கின ராத்திரியில் ‘சத்தம் ஓடும்’ என்பது அவர் கணக்கு. தரையோரக் காற்று குளிர்ந்து மேலே வெதுவெதுப்பாக இருந்தால், ஒலி மேலே போய்த் தொலையாமல் வளைந்து கீழேயே இறங்கும் என்று இயற்பியலும் அதைத்தான் சொல்கிறது. நரி வரும் தடத்துக்குக் குறுக்கே வலை. வலைக்கு இந்தப் பக்கம் கத்துகிறவர், இரு ஓரமும் தடியோடு ஆட்கள். காற்று எதிர்முகமாக அடிக்க வேண்டும். ஆள் வாடை போய்விட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். தன் எல்லைக்குள் எவன் வந்து கத்துகிறான் என்று பார்க்க நரி வரும். சிக்கினால் கறி வீட்டுக்கு, பல்லும் தோலும் விலைக்கு. நரிக்கொம்பும் விற்றார்கள். நரிக்கு ஏது கொம்பு? ஆனால் அதை அதிர்ஷ்டத்துக்காக வாங்கிப் பெட்டியில் பூட்டியவர்கள் படித்தவர்கள், வியாபாரிகள்.

இப்போது அது குற்றம். 1972 வனவிலங்குச் சட்டத்தின் 2022 திருத்தம் குள்ளநரியை முதல் அட்டவணைக்கே ஏற்றிவிட்டது, புலியோடு சமமாக. சட்டம் வேண்டும் என்பதே என் கட்சி. வலையை மடக்கியாயிற்று. ஆனால் முந்திரித் தோப்புகளை மனைப்பிரிவாக்கிக் கம்பிவேலி கட்டுகிறவர்களையும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் நள்ளிரவில் பறக்கிற கார்களையும் எந்த அட்டவணை தடுக்கிறது?

இதே குள்ளநரி, இதே இனம், பால்கன் பக்கமிருந்து மேற்கே பரவி 2017 டிசம்பரில் பிரான்சில் ஓத்-சவுவா மலைப்பகுதியின் தானியங்கிக் கேமராவில் சிக்கியது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்த நம்மூர் சொல்தாக்களின் குடும்பங்கள் படாதபாடு பட்டுப் போய்ச் சேர்ந்த நாடு. இது விசா இல்லாமல் போயிருக்கிறது. ஐரோப்பாவில் இவற்றைக் கணக்கெடுக்கும் ஆய்வாளர்கள் ராத்திரியில் வயலோரம் வண்டியை நிறுத்தி, பதிவு செய்த ஊளையை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு, பதில் ஊளைக்குக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

இதைப் பெரியவரிடம் சொன்னேன்.

“பதில் கத்துனா?”

“எந்தத் திசை, எத்தனைன்னு எழுதிக்கிட்டுப் போயிடுவாங்க.”

“பிடிக்கமாட்டாங்களா?”

“மாட்டாங்க.”

சரத்தில் சிக்கு எடுத்துக்கொண்டே, “அடிக்கடி கூப்பிடக் கூடாதுன்னு சொல்லுங்க சாமி. ரெண்டு தரம் ஏமாந்துச்சுன்னா அந்த நரி அப்புறம் நீங்க எப்பிடிக் கத்துனாலும் வராது” என்றார். கயோட்டி வேட்டைக்காரர்களும் ஒரே வயலில் அடுத்தடுத்த ராத்திரி கூப்பிட மாட்டார்கள். அதே காரணம்தான்.