ரூம் வாடகையும் ஃபயர் கிளெய்ம் கணக்கும்

பி.காம். படித்தவர்களுக்கு ஃபயர் கிளெய்ம் கணக்கு ஞாபகம் இருக்கும். 10 லட்ச ரூபாய் சரக்கை 5 லட்சத்துக்கு மட்டும் இன்சூர் செய்திருக்கிறோம். 2 லட்சம் சரக்கு எரிந்துவிட்டால் கிடைப்பது 1 லட்சம்தான். இதற்கு 'ஆவரேஜ் கிளாஸ்' என்று பெயர். பரீட்சையோடு மறந்துவிடுவோம்...

அதே கணக்கு நம் மெடிகிளெய்ம் பாலிசியிலும் ஒளிந்திருக்கிறது!

3 லட்ச ரூபாய் பாலிசி. அறை வாடகை ஒரு நாளைக்கு 1%, அதாவது 3,000 ரூபாய் வரை என்று போட்டிருக்கிறது. நீங்கள் 6,000 ரூபாய் அறையில் 5 நாள் இருக்கிறீர்கள். அறைக்கு 30,000, டாக்டர், தியேட்டர், நர்சிங் எல்லாம் 90,000, மருந்தும் டெஸ்டும் 40,000. மொத்தம் 1,60,000.

வாடகை வித்தியாசம் 15,000 மட்டும் கையை விட்டுப் போகும் என்றுதானே நினைப்போம்? இல்லை. வாடகையில் பாதிதான் தகுதி என்பதால் டாக்டர், தியேட்டர் செலவிலும் பாதியைத்தான் தருவார்கள். அங்கே இன்னொரு 45,000 போச்சு. ஆக, 60,000 நம் தலையில்.

அதே டாக்டர், அதே கத்தி. ஆனால் பல ஆஸ்பத்திரிகளில் அறை உயர உயர ஆபரேஷன் கட்டணமும் உயரும். கம்பெனிகள் சொல்லும் நியாயம் இதுதான்.

எங்கள் பெரியப்பா இப்படித்தான் மாட்டினார். இருவர் அறை காலி இல்லை என்று தனி அறை கொடுத்தார்கள். டிஸ்சார்ஜ் அன்று பெரியம்மாவின் வளையல் அடகுக்கடைக்குப் போனது. இதை அட்மிஷன் மேஜையிலேயே ஒருவர் சொல்லியிருக்கலாம்.

ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2020-ல் கொஞ்சம் கடிவாளம் போட்டது. மருந்து, இம்ப்ளான்ட், டெஸ்ட், ஐ.சி.யூ. கட்டணங்களில் இப்படி விகிதப்படி வெட்டக்கூடாது. அறையைப் பொறுத்துக் கட்டணம் மாறாத ஆஸ்பத்திரியிலும் வெட்டக்கூடாது. வெட்டினால் கம்பெனிக்கு எழுதிக் கேளுங்கள். ஒரு மாதத்தில் சரியான பதில் இல்லையென்றால் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது, கட்டணம் கிடையாது.

அறை வரம்பே இல்லாத பாலிசிகளும் உண்டு, பிரீமியம் கொஞ்சம் கூட. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்பதால் மாறுவதை யோசிக்கலாம்.

இன்றைக்கே வீட்டில் பீரோவில் இருக்கும் பாலிசியை எடுத்து 'ரூம் ரென்ட்' என்ற வரியை மட்டும் படித்துவிடுங்கள். அஞ்சு நிமிஷ வேலைதான் :-)